சோடியமும் கொக்கட்டிச்சோலைக் குடும்பமும்

பள்ளிக்கூட லெபோரட்டரியில குழாய் கழுவுற வேலை எண்டா, படிச்சவன் பேசுறதெல்லாம் காதில விழும், பதில் சொல்ல மட்டும் ஏலாது. என்னைப்போல வாயை வச்சிட்டுச் சும்மா இருக்க ஏலாத ஆக்களுக்கு இந்தக் கஷ்டம் விளங்கும்.

புளியங்கொட்டை

நான் மூண்டாம் வகுப்போட நிண்ட ஆள். ஆனா லண்டன்ல இருந்து புதுப் புத்தகம் வந்த நாள் தொட்டு, கெமிஸ்ட்ரி மாஸ்டர்ட பாடத்துக்கு மேசையில புளியங்கொட்டை அடுக்குறது நான்தான். நடுவில கரு. சோடியம் எண்டா அதுக்கு இழுவை பதினொண்டு. கொட்டை ஒவ்வொண்டும் ஒரு இலத்திரன், அதான் எலக்ட்ரோன். சுத்தி உள்வட்டத்தில ரெண்டு, அடுத்ததில எட்டு, வெளியில தனிய ஒண்டு. அந்த ஒண்டுக்கு இழுவை முழுசா வந்து சேராது. நடுவில நிக்கிறதுகள் மறைக்கும். உள்வட்டத்து ரெண்டும் ஆளுக்கு ஒண்டு மறைக்கும். எட்டும் ஆளுக்குத் தசம் எட்டு அஞ்சு. ஒரே வட்டத்துக் கூட்டாளி எண்டாத் தசம் மூண்டு அஞ்சு.

ஒரு நாள் மாஸ்டர் வரமுந்தி நானே சோக்கட்டியால கணக்குப் போட்டன். வெளியில நிண்ட அந்த ஒண்டையும் கூட்டாளி எண்டு சேத்து, அதுக்கும் தசம் மூண்டு அஞ்சு கழிச்சிட்டன். மிச்சம் ஒண்டு தசம் எட்டு அஞ்சு. மாஸ்டர் பாத்துட்டுச் சிரிச்சார்: "ரெண்டு தசம் ரெண்டு வரவேணும், சின்னத்தம்பி. தன்னைத் தானே மறைக்கிற ஆளும் உண்டா? அதை விட்டுட்டு எண்ணு."

சனிக்கிழமைத் தோணி

எங்கட பக்கத்தில கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொஞ்சாதிட வீட்டுக்குப் போறது. எனக்கு அது கொக்கட்டிச்சோலை, வாவிக்கு அங்கால. கிழமை நாளில லெபோரட்டரிக்குப் பின் அறையில தனியப் படுக்கை. சனிக்கிழமை தோணி ஏறுவன். போனா, பொஞ்சாதி பொன்னம்மாவைச் சுத்தி மாமாவும் மாமியும். அவங்களைச் சுத்தி மச்சான் மச்சாள்மார் எட்டுப் பேர். நான் வேலிப் படலையடியில. அவ நீட்டுற சோத்துக் கோப்பை எட்டுக் கை மாறி, ஆறிப்போய்த்தான் எனக்கு வரும்.

"டவுனுக்கு வாறியா புள்ள, என்னோட இருக்க?" எண்டு ஒருக்காக் கேட்டுட்டன். அவ வாய் திறக்கமுந்தி மாமி சொன்னா: "மகள்ற வீட்டை விட்டுட்டு மகள் எங்க போறது? நீங்க வாங்களன், மருமகன்."

பாய்

கோவத்தில மூண்டு சனி போகல்ல. நாலாம் சனி மத்தியானம், லெபோரட்டரிக் கதவடியில பொன்னம்மா! தனிய. ஒரு கையில கட்டுச்சோறு, மற்றக் கையில சுருட்டின புதுப் பாய். எங்க ரெண்டு பேருக்கும் நடுவில ஒரு ஈ கூட இல்ல. எனக்குக் கைகால் ஓடல்ல, வாய்தான் ஓடினது. மேசையில கொட்டையைக் காட்டினன்: "நடுவில நீ. இது மாமா, இது மாமி. இந்த எட்டும் உன்ட கூடப்பிறந்ததுகள். அங்கால தனிய நிக்கிறது நான்."

அவ சிரிச்சா. அதோட விட்டனா? பாய் பெரிசா இருக்கே, மாமியைச் சுருட்டிக் கொண்டந்தியா எண்டன். பின்னேரம் தோணிக்காரன் கூக்காட்டுமட்டும் பகிடிதான். "இரு புள்ள" எண்ட ஒரு சொல்லு மட்டும் வரல்ல. அவ அதுக்குத்தான் காத்திருந்தவ எண்டு, பாயை எடுத்துக் கக்கத்தில வச்ச நேரம்தான் விளங்கினது. கதவடியில நிண்டு சொன்னா: "எங்கட ஆக்கள் எல்லாரையும் எண்ணிட்டீங்க. எனக்கு முன்னால நிண்டு மறைக்கிற உங்களை மட்டும் எண்ணல்லையே."

மாஸ்டர்ட சோடியத்துக்கு ரெண்டு தசம் ரெண்டுதான் சரி. என்ட பின் அறைக்கு, நான் பிழையாப் போட்ட ஒண்டு தசம் எட்டு அஞ்சுதான் சரி.