பெட்ரோல் கிணறு

2023 நவம்பர் 22, புதன்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். விடியும்வரை பெய்த மழை விட்டிருந்தது. வானம் மூட்டம், காற்று துளியும் இல்லை. காற்று இல்லை என்பதைக் கவனியுங்கள். பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கிறவனுக்கு மழையைவிட அதுதான் முக்கியம்.

நான் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் டெப்போவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன். அதில் கடைசி ஒன்பது வருடம் சேஃப்டி பிரிவு. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல், திண்டுக்கல் பழனி ரோட்டில் ஒரு பங்க்கில் மேனேஜராகச் சேர்ந்தேன். அன்று முந்தின நாள் வசூலை பேங்க்கில் கட்டிவிட்டு ஆட்டோவில் திரும்பி வந்தேன். இறங்கியதுமே பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. பங்க் என்றால் வாடை இருக்கும்தான். இது தொண்டையை அடைக்கிற வாடை.

பெட்ரோல் டேங்க்கின் மேன்ஹோல் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். குழி விளிம்பில் இரண்டு பேர். ஒருவர் கையில் வடக்கயிறு. இன்னொருவர் குத்தவைத்து உட்கார்ந்து, அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தபடி வத்திக்குச்சியை உரசிக்கொண்டிருந்தார்.

குச்சி பற்றவில்லை. ஈரத்தில் மருந்து பிசுபிசுத்து உதிர்ந்துவிட்டது. அதைக் கீழே போட்டுவிட்டு இரண்டாவது குச்சியை எடுத்தார்.

அந்தக் குச்சிக்கு வருவதற்குள், அவர்கள் அங்கே எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கீழே இருந்தால் கெணறு

எங்கள் பங்க்கில் தரைக்கடியில் மூன்று டேங்க்குகள். இரண்டு டீசல், ஒன்று பெட்ரோல். ஆனால் அங்கே ஒருவரும் டேங்க் என்று சொல்ல மாட்டார்கள். "டீசல் கெணத்துல எம்புட்டு கெடக்கு?" "பெட்ரோல் கெணத்துக்கு லோடு வந்துருச்சு." சேர்ந்த முதல் வாரமே இதற்காகச் சண்டை போட்டேன். பைக்குகளுக்குப் பெட்ரோல் அடிக்கும் முருகேசன், "மேல இருந்தா டேங்க்கு, கீழ இருந்தா கெணறு. இதுக்கு எதுக்கு சார் இம்புட்டு கோவம்?" என்றான். முதலாளி ரவியும் சேர்ந்து சிரித்தார். "சாரு பள்ளிக்கூட வாத்தியாராப் போயிருக்கணும்" என்றார்.

நவம்பர் மழையில் பெட்ரோல் டேங்க்குக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் பிரிந்து, தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். அதை உறிஞ்சி அடித்தால் வண்டி ஓடாது. திங்கட்கிழமை மட்டும் ஏழு பைக்குகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருவர், "ஏங்க, பெட்ரோல் கேட்டா அபிஷேகத் தண்ணியப் புடிச்சு ஊத்திருக்கீங்களே!" என்று கத்தினார். கத்தியதில் தவறில்லை.

டேங்க்கைச் சுத்தம் செய்தாக வேண்டும். அதற்கென்று எண்ணெய் நிறுவனம் அங்கீகரித்த ஆட்கள் இருக்கிறார்கள். ப்ளோயர் வைத்துக் காற்றை உள்ளே செலுத்துவார்கள். கேஸ் மீட்டரை இறக்கிப் பார்ப்பார்கள். எழுத்தில் பெர்மிட் போட்ட பிறகுதான், மூச்சுக்கருவி மாட்டி, இடுப்பில் பெல்ட் கட்டி ஆளை இறக்குவார்கள். நாற்பத்தைந்தாயிரம் கேட்டார்கள், மூன்று நாள் ஆகும் என்றார்கள்.

"மூணு நாளா?" என்றார் ரவி. "சாமி வேனெல்லாம் இப்பத்தான் சார் வர ஆரம்பிச்சிருக்கு."

"வேற வழி இல்ல, மொதலாளி. வேனுக்குத் தண்ணிய ஊத்தவா முடியும்?"

தலையை ஆட்டினார். செவ்வாய்க்கிழமை மாலை மிச்சமிருந்த பெட்ரோலைக் கைப்பம்பு வைத்து பேரல்களில் எடுக்கச் சொன்னார். அந்த ஆட்களுக்காகத்தான் தயார் செய்கிறார் என்று நினைத்தேன். புதன்கிழமை காலை நான் பேங்க்குக்குக் கிளம்பும் முன்பே அவர் யாருக்கு போன் போட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

கிணறு தூர்வாரும் சின்னக்காளைக்குப் போட்டிருந்தார். போனில் என்ன சொன்னார் என்பதைப் பிறகு சின்னக்காளையே என்னிடம் சொன்னார்: "பங்க்குல ஒரு கெணறு கெடக்கு. பெட்ரோலு எல்லாம் எடுத்தாச்சு, காலிக் கெணறு. அடியில கொஞ்சம் தண்ணியும் சகதியும். அரை நாள் வேல."

இதில் எங்கே பொய் இருக்கிறது? எதுவும் பொய் இல்லை. எனக்கு வயிறு எரிவதே அதனால்தான்.

சின்னக்காளை அசட்டை ஆள் அல்ல. பாழ்கிணற்று விஷக்காற்றில் கூடப் பிறந்த அண்ணனைப் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகு எந்தக் கிணறானாலும் முதலில் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார். விளக்கு நின்று எரிந்தால் இறங்குவார். அணைந்தால், எவ்வளவு கொடுத்தாலும் இறங்க மாட்டார். அந்த ஒரு பழக்கத்தால்தான் உயிரோடு இருக்கிறார். அன்று காலை அந்தப் பங்க்கில் ஒழுங்காகத் தொழில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அந்த ஒழுங்குதான் எங்கள் எல்லாரையும் கொளுத்தப் பார்த்தது.

பத்தடி தள்ளி 'புகை பிடிக்காதீர்' போர்டு இருந்தது. அவர் புகை பிடிக்கவில்லையே.

இரண்டாவது குச்சி

"ஏலே, கிழிக்காத! கீழ போடு! போடு கீழ!"

அறுபத்தேழு வயதில், தேய்ந்துபோன முழங்காலோடு ஓடினேன். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். குச்சி பெட்டியின் பட்டையில் பட்டபடியே நின்றது. இரண்டையும் பிடுங்கி மழைத்தண்ணீர்க் குட்டையில் எறிந்தேன்.

"யோவ் பெருசு, கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? இருக்கறதே ஒரு வத்திப்பொட்டி!"

"அப்பு, மொதல்ல இங்கிட்டு வா. ரெண்டு பேரும் வாங்க."

"வெளக்கு விட்டுப் பாக்காம நான் எறங்க மாட்டேன், சொல்லிப்புட்டேன்."

"ஒங்க கெணத்துல காத்து கெட்டுப்போனா வெளக்கு அணையும். இங்க அணையாது, அப்பு. நீ, நான், அந்தா டீக்கடையில ஒக்காந்திருக்கிற ஆளுக, எல்லாரும் சேந்து போயிருவோம்."

"காலிக் கெணறுன்னு சொன்னாகளே?"

"காலியானதுதான் வினை. பெட்ரோல எடுத்துட்டாக. ஆவிய எவன் எடுத்தான்?"

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது. டேங்க்குக்குள் தங்கும், வெளியே வந்தால் தரையோடு தவழும். காற்று வீசாத நாளில் கலையவும் கலையாது. அதனால்தான் நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்கைக் கண்டு அதிகம் பயப்பட வேண்டும். இத்தனைக்கும் டீசல் பக்கம் வியாபாரம் நிற்கவில்லை. ஒரு லோடு ஆட்டோ எஞ்சினை நிறுத்தாமலேயே நின்றுகொண்டிருந்தது. முருகேசனைக் கூப்பிட்டு எல்லா வண்டிகளையும் கையால் தள்ளி வெளியேற்றச் சொல்லிவிட்டு, நாங்கள் மூவருமாக மேன்ஹோல் மூடியைத் திரும்பப் போட்டோம்.

அப்போதுதான் ரவி தன் ஏசி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"என்ன சார் கூப்பாடு? கஸ்டமரெல்லாம் ஓடுறாங்க?"

"மேன்ஹோல் வாயில வத்திக்குச்சி கிழிச்சிருக்காங்க, மொதலாளி."

ஒரு நிமிடம் முகம் வெளுத்தது. உடனே தேறிவிட்டார். "சரி, வெளக்கு வேணாம். டார்ச் லைட்டக் குடுங்க, எறங்கட்டும்."

"டார்ச் லைட்டும் கூடாது, சுவிட்சுல வர்ற பொறியே போதும். நெருப்பே இல்லாட்டியும் ஆவி ஆள அடிச்சுப் போட்டுரும். எறங்குன செத்த நேரத்துல மயங்கி விழுவாரு. தூக்கப் போறவரும் மேல விழுவாரு."

"அவரு முப்பது வருசமா கெணத்துல எறங்குறவரு. நீங்க ஏசில ஒக்காந்து படிச்சதெல்லாம் இங்க சொல்லாதீங்க."

சின்னக்காளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவரு சொல்றது நெசமா, மொதலாளி? உள்ள ஆவி இருக்கா?"

"லேசா இருக்கும்ப்பா. பங்க்குன்னா இருக்கத்தான செய்யும்."

"வெளக்கும் விடக்கூடாது. அப்ப, எறங்கலாமா கூடாதான்னு எத வச்சுப் பாக்குறது?"

"அதுக்கு மீட்டர் இருக்கு, அப்பு" என்றேன்.

"எங்க?"

"இங்க இல்ல."

"அப்ப எறங்கல." கயிற்றைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

கூலி

அவரோடு வந்திருந்தவர் அவர் மச்சான் அந்தோணி. அவர் கேட்டார்: "மச்சான், கூலி?"

"எறங்காதவனுக்கு என்ன கூலி?" என்றார் ரவி. "தடுத்தது பெரியவருதான? அவருகிட்ட வாங்கிக்கங்க."

சின்னக்காளை என் பக்கம் திரும்பினார். நன்றி சொல்லப்போகிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். "தாடிக்கொம்புல ஒரு கெணத்து வேலைய விட்டுட்டு வந்தோம், பெருசு. ஒரு நாள் பொழப்பு மண்ணாப் போச்சு" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆளுக்கு ஆயிரம் வீதம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து மடியில் கட்டிக்கொண்டு, விளக்கையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ரவி என்னிடம், "நாளையில இருந்து நீங்க வர வேணாம், சார்" என்றார்.

நானும் சும்மா போகவில்லை. வீட்டுக்குப் போய் முதல் வேலையாக நிறுவனத்தின் ஏரியா அதிகாரிக்கு போன் செய்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பெட்ரோல் விற்பனையை நிறுத்தினார்கள். அங்கீகரித்த ஆட்கள் வந்து முறைப்படி டேங்க்கைச் சுத்தம் செய்தார்கள். ஆகிற செலவு ஆகத்தான் செய்தது. சம்பளப் பாக்கி கேட்டு இரண்டு தடவை ஆட்டோ பிடித்துப் போனேன். "என் வியாபாரம் படுத்துச்சே, அத யாரு தருவா?" என்று கேட்டார் ரவி. இரண்டாவது தடவை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளைஞர்களுக்குச் சொல்கிறேன். டேங்க்கை டேங்க் என்று சொல்லுங்கள். கிண்டல் செய்தால் செய்யட்டும். நீங்கள் கிணறு என்று சொன்னால், வருகிறவர் கிணற்றுக்குரிய ஜாக்கிரதையோடுதான் வருவார். ஒரு தொழிலில் உயிர் காக்கிற பழக்கம் இன்னொரு தொழிலில் உயிர் எடுக்கும். வெளியாளை அழைத்தால் உள்ளே முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று இரண்டையும் சொல்லுங்கள். 'காலி' என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். முதலாளி முறைத்தால் முறைக்கட்டும். மூடியைப் போட்டுவிட்டு அதன் மேல் ஏறி நில்லுங்கள்.

இதற்கு என்ன செலவாகும் என்று கேட்பீர்கள். எனக்கு ஆனதைச் சொல்கிறேன். இருபத்திரண்டு நாள் சம்பளம், வராமலே போனது, 11,000. இரண்டு பேர் கூலி 2,000. பாக்கி கேட்கப் போய்வந்த ஆட்டோ 160. ஆக மொத்தம் 13,160 ரூபாய்.