பேர் இல்லாத சிவப்புக் கட்டம்

கவின், யாழினி, அப்பா பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை என்று உங்களுக்கே தெரியும். கரண்ட் போனால் உங்கள் அம்மாதான் முருகா என்பாள், நான் தீப்பெட்டி தேடுவேன். அப்பா கதை விடுகிறார் என்று நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

துபாயில் நான் ஓட்டுவது தொழிலாளர்கள் தங்கும் அல் குசைஸ் கேம்பிலிருந்து ஆட்களைக் கட்டிட வேலை நடக்கும் சைட்டுக்கு ஏற்றிப்போகும் பஸ். போன கோடையில் கம்பெனி அதற்கு ஒரு ஆப் கொண்டுவந்தது. காலையில் ஏறும்போது நான் உட்பட ஒவ்வொருவரும் என் சீட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் டேப் திரையில் பேரைத் தட்டவேண்டும், அந்தப் பேருக்கு ஒரு சிவப்புக் கட்டம் வரும், சாயங்காலம் ஏறும்போது அந்தப் பேரைத் தொட்டால் கட்டம் பச்சையாகும். சிவப்பு நின்றால் வண்டியை எடுக்கக் கூடாது, ஏனென்றால் அந்தச் சைட்டைச் சுற்றி மணல்தான், வெயிலில் ஒருத்தன் சுருண்டு விழுந்தால் யாருக்கும் தெரியாது.

அன்று எல்லோரும் ஏறிய பிறகும் ஒரு கட்டம் சிவப்பாகவே நின்றது. அதில் பேர் இல்லை.

"மாணிக்கண்ணே, பேய்க்கும் சீட்டு போட்டுட்டியா? பசிக்குது, எடுய்யா," என்று முன்சீட்டுக் கருப்பையா கத்தினான். ஃபோர்மேன் ஜன்னலைத் தட்டி, "கலாஸ் பாய், யல்லா யல்லா" என்றார், முடிந்தது, கிளம்பு என்று. தலையை எண்ணிப் பார்த்தேன், ஆள் குறையவில்லை.

ஆப் எழுதின செந்தில் தம்பிக்குப் போன் போட்டேன்.

"இருக்காதுண்ணே. பேரு காலியா இருந்தா உள்ளேயே விடாது. வெறும் ஸ்பேஸ் தட்டினாக்கூட அதை வெட்டிட்டுத்தான் பாக்கும். அவசரத்துக்குக் கூப்பிடற வீட்டு நம்பர் மட்டும்தான் விருப்பமிருந்தா போடறது, போடலைன்னா இல்லைன்னு காட்டும். அதை எவனும் போடறதில்ல."

கட்டத்தைத் திறந்தேன். பேருக்கான இடம் காலி. அவசர நம்பர் இருந்தது, இந்தியா நம்பர்.

அந்த நம்பருக்குப் போட்டேன். நம்பினால் நம்புங்கள், முதல் மணியிலேயே ஒரு பெண் எடுத்தார். ஹலோகூடச் சொல்லவில்லை.

"வண்டியில ஏறிட்டாராங்க?"

"யாரும்மா? பேரு சொல்லுங்க."

"விட்டுட்டுப் போயிராதீங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

நான் இறங்கி சிமெண்ட் ஷெட், தண்ணீர்த் தொட்டி என்று எல்லா இடமும் தேடினேன். பேர் தெரியாத ஆளை என்னவென்று கூப்பிடுவது? "அண்ணே, வாங்க, வண்டி கெளம்புது" என்று மணலைப் பார்த்துச் சொன்னேன். யாரும் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் கட்டம் பச்சை.

"யார்றா தொட்டது?"

கருப்பையா முகத்தில் சிரிப்பு இல்லை. "யாரும் வரலண்ணே. நான் இதையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

வண்டியை எடுத்துக் கேம்புக்கு வந்து சேர்ந்தேன். மறுநாள் செந்தில் தேடிப் பார்த்தான், அப்படி ஒரு பதிவே இல்லை என்றான். அந்த நம்பரும் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. ஏறிவிட்டார் என்று அந்த அம்மாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள், அதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது.

அந்த மறுநாள் சாயங்காலம் எல்லோரும் இறங்கிப் போன பிறகு, இஞ்சினை அணைத்துவிட்டு, டேப்பில் என் கட்டத்தைத் திறந்தேன். விருப்பமிருந்தால் போடலாம் என்றிருந்த இடத்தில் உங்கள் அம்மாவின் நம்பரைத் தட்டினேன்.