வேப்பம்பூவா, புங்கம்பூவா

தேன்பெட்டி வாங்கியது அவள். திறந்து பார்த்ததெல்லாம் நான். பக்கத்து வீட்டுக்காரியான அவள், காதருகே ஓர் ஈ பறந்தாலே முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு ஓடுகிற வீராங்கனை. எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில், எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் நடுவே இடுப்பளவு சுவர் ஒன்றுதான் இருந்தது.

பெட்டிக்குக் காலை வெயில் வேண்டும், அவள் பக்கம் அது விழாது. அதனால் பெட்டி எங்கள் தோட்டத்துக்கு வந்தது. நாங்கள் ஜைனர்கள். தேனைத் தொடமாட்டோம். என் மாமியார் பெட்டியைப் பார்த்ததும், “தேனே சேராத வீட்டுல தேன்பெட்டியா?” என்றார்.

“இடம் உங்களுது, தேன் என்னுது. சரியாப் போச்சுங்கம்மா” என்றாள் அவள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பெட்டி விற்றவர் ஒரு மரப்பொந்திலிருந்து ஈக்களைக் கொண்டுவந்து குடிவைத்தார். எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டியின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்குச்சிகளில் நிறுத்தினோம். மூடும்போது ஓர் ஈகூட நசுங்கக் கூடாது எனக்கு. விளிம்பில் நிற்கிற ஒவ்வொன்றையும் வாயால் ஊதி உள்ளே அனுப்பிவிட்டுத்தான் மூடுவேன். “நீ எல்லாருக்கும் டாட்டா சொல்லி முடிக்கறதுக்குள்ள என் சோறு தீஞ்சிடும்கா” என்பாள்.

பெட்டி விற்றவர் வந்து தேன் எடுத்துத் தரும் நாளில் அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

“இது வேப்பம்பூக்கா. மொதல்ல இனிக்குது, முழுங்கினப்புறம் லேசா கசக்குது.” இன்னொரு முறை, “இது புங்கம்பூ. கசப்பே இல்ல. வாய்ல ஜாஸ்தி நேரம் நிக்குது.”

அவள் சொன்னது சரிதானா என்று எனக்கு எப்படித் தெரியும்? தேன்மேல் எனக்கு ஆசை வந்ததே இல்லை. அவள் சொல்லிக் கேட்கத்தான் ஆசை.

அவள் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு தை மாதம் தெற்கே எங்கோ மாற்றல் வந்தது. “முழுப்பரீட்சை லீவுக்கு வந்துடறேன்கா. அதுவரைக்கும் தேனை யாருக்கும் குடுத்துடாத” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பங்குனியில் வேம்பு பூத்துக் கொட்டியது. பெட்டி விற்றவர் வந்து பார்த்து, “மேல நெறைஞ்சு போச்சும்மா. எடுக்கலைன்னா இடம் பத்தாம ஈ கெளம்பிடும்” என்றார். தேனுக்குச் சொந்தக்காரி வரட்டும் என்றேன். லீவும் விட்டார்கள். தெருவில் ரிக்‌ஷா மணி கேட்டாலே ஈரக்கையோடு வாசலுக்கு ஓடினேன். எதிர்வீட்டுக்காரிக்கு விருந்தாளி வந்தால்கூட எனக்குக் கோபம் வந்தது.

ஒரு காலையில் பாதிக்கு மேல் ஈக்கள் திரண்டு வெளியே வந்தன. சுவரைத் தாண்டி, பூட்டிக் கிடந்த அவள் வீட்டு முருங்கை மரத்தில் போய்க் கொத்தாகத் தொங்கின. நான் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயிலில் அங்கிருந்தும் கிளம்பி மலைப்பக்கம் போய்விட்டன. எனக்கு அழுகை வந்தது.

“ஈ போனதுக்கா அழுவுற?” என்று மாமியார் கேட்டார்.

“ஆமாம்” என்றேன்.

லீவு முடிந்தது. அவள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்தேன். மிச்சமிருந்த ஈக்களை ஊதி விலக்கிவிட்டு மேல்சட்டத்தைத் தூக்கினேன். அடையின் ஓரம் உடைந்து விரலில் தேன் வழிந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். வேப்பம்பூவா, புங்கம்பூவா, ஒன்றும் தெரியவில்லை. குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டேன்.

தேன் எப்படி இருக்கும் என்று எனக்கு அவள் சொன்ன வரைக்கும்தான் தெரியும்.