சுருட்டுப் பெட்டியின் உள்பலகை

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆண்கள் சுருட்டைக் காதில் செருகிக்கொள்வார்கள். மழை பெய்தால் அது தலைப்பாகைக்குள் போகும். தோட்டத்தை ஆண்ட துரையின் சுருட்டுக்கோ தனியாக ஒரு பெட்டி இருந்தது. வெளியே கறுப்பு மெருகு, உள்ளே நான்கு பக்கமும் சிவந்த மெல்லிய பலகை, மூடியில் தண்ணீர் நனைத்த பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பூட்டு. சுருட்டு காய்ந்துவிடக் கூடாதாம். பங்களாவில் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்த என் அக்கா, துரை திறக்கும்போது பார்த்துவிட்டு வந்து இதைச் சொன்னபோது, என் மாமாவான அவள் புருஷன் சிரித்த சிரிப்பில் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஈரத்துக்கா பஞ்சம்? நம்ம லயத்துல கொண்டாந்து வைக்கச் சொல்லு புள்ள. இங்க செவுரே ஒழுகுது."

அந்தப் பெட்டிதான் பிறகு அக்காவின் வேலையைத் தின்றது.

பங்களா வேலை அவளுக்கு ஆடம்பரமில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து அவளுக்கு மூச்சு வாங்கும். மழையில் கூடையோடு மலையேறினால் மறுநாள் எழுந்திருக்க மாட்டாள். கூரைக்குக் கீழே ஒரு வேலை கிடைத்ததால்தான் பிள்ளையும் அவளும் தேறி வந்தார்கள். அது போனால் மறுபடி கொழுந்து பறிப்பதுதான், மழைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துரை பெட்டியைத் திறந்திருக்கிறார். சுருட்டெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்திருக்கிறது. உள்பலகையில் பளபளவென்று பிசுபிசுப்புத் துளிகள். கூப்பிட்டார் அக்காவை. "நீ வார்னிஷ் பூசினது" என்றார். கேள்வியில்லை, தீர்ப்பு. பெட்டியின் நடுவில் இருந்த, அதே சிவந்த மரத்துத் தடுப்புப் பலகையை உருவிக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டு, நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிட்டார்.

"நான் மேலாப்புல தூசிதான் தம்பி தொடைப்பேன்" என்று அக்கா என்னிடம் சொன்னாள். அழவில்லை. மூச்சுத்தான் விட்டு விட்டு வந்தது. "சாவி தொர சட்டப் பையில இருக்கு. நான் எப்புடித் தெறப்பேன்? அதக் கேக்கக்கூட விடல."

பின்வாசல் வழியாக வரும்போது அந்தத் தடுப்புப் பலகையைக் குப்பையிலிருந்து எடுத்து முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"நீதான் மரம் மரம்னு அலையிறியே. இதுல ஒட்டுறது என்னான்னு பாரு. நான் பூசலன்னு ஒரு வார்த்த அந்த ஆளு வாயால வரணும்."

நான் அலைந்தது உண்மைதான். ஹட்டனில் இங்கிலீஷ் வரைக்கும் படித்திருந்தேன். இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாத தோட்டத்து ஆளுக்கு எந்தக் கந்தோரில், எந்த ஆபீசில் நாற்காலி போடுவார்கள்? வேலை கிடைக்கும்வரை சும்மா இருக்க என் உடம்பு ஒத்துழைக்கவில்லை. தோட்டத்தில் எந்த மரத்தைச் சாய்த்தாலும் ஓடிப்போய் ஒரு துண்டு வாங்கி வருவேன். தலவாக்கலையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் பேரம் பேசி வாங்கிய பூதக்கண்ணாடியால் அதன் வெட்டு முகத்தைப் பார்ப்பேன். மாமா இதைப் பற்றி லயமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்: "எங்க மாப்ள வெறகுக்கு வைத்தியம் பாக்குறாரு."

பலகையை வாங்கியதும் முதலில் மகோகனி என்றுதான் நினைத்தேன். நிறம் அப்படி. என்னிடம் மகோகனித் துண்டு ஒன்று இருந்தது. இரண்டையும் இரு கைகளில் ஏந்திப் பார்த்தால் இது பஞ்சாகக் கனமற்று இருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. சவர பிளேடால் முனையைச் சீவிக் கண்ணாடியை வைத்தேன். மகோகனியில் துளைகள் பொரி இறைத்த மாதிரி எங்கும் சிதறிக் கிடக்கும். இதில் வருஷத்துக்கொரு வரிசையாக, கோலத்துக்குப் புள்ளி வைத்தது போலப் பெரிய துளைகள் நின்றன. வெந்நீரில் துணியை நனைத்து, சீவிய இடத்தைத் துடைத்து முகர்ந்தேன். மிளகும் சந்தனமும் கலந்தது போல் ஒரு காரமான மணம் மூக்கில் ஏறியது.

அந்த மணம் எனக்குத் தெரியும். தேயிலை அரைக்கும் எங்கள் ஸ்டோருக்குப் போகும் பாதையோரம் நிற்கும் சந்தன வேம்பின் மணத்துக்கு அது தாயாதி. அந்த மரத்தில் தேயிலைப் பெட்டி செய்ய விடமாட்டார்கள். தூள் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். தேயிலைக்கு ஆகாத வாடை சுருட்டுக்கு அலங்காரம்! துரைமார் இங்கிலீஷில் 'சீடர்' என்று சொல்லும் சீமை மரம் இதுதான் என்று உறுதியாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த பழைய புத்தகமொன்றில் அந்த மரத்தைப் பற்றி இன்னொன்றும் இருந்தது: சூடுபட்டால் அது பிசின் போலப் பால் கக்கும்.

"அக்கா, பெட்டி எங்க இருக்கும்?"

"முன்னாடி மேசையில இருந்துச்சு. குளுரு வந்தோன்ன தொரதான் கணப்புக்கு மேல தூக்கி வச்சாரு."

பிசுபிசுப்பையெல்லாம் துடைத்தெடுத்துவிட்டுப் பலகையை எங்கள் அடுப்போரம் சாய்த்து வைத்தேன். நானும் அக்காவும் மாமாவுமாக மூன்று பேரும் குந்தியிருந்து பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் துளைகளுக்குள்ளிருந்து ஊசிமுனை அளவுத் துளிகள் கிளம்பின. பெருத்தன. பளபளத்தன.

"அட, பலகைக்கு வேர்க்குதுடா!" என்றார் மாமா. அதன்பிறகு என்னை வைத்தியர் என்று அவர் கேலி செய்யவில்லை.

மறுநாள் காலை தொழிற்சங்கத் தலைவரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "சம்பளம்னா எல்லாரையும் எறக்கிடலாம். சுருட்டுக்காக எப்புடித் தம்பி கொடி புடிக்கிறது? சிரிப்பானுங்க" என்றார். எனக்கு எரிந்தது. ஒரு பொம்பிளையின் மேல் போட்ட பொய் இவருக்குச் சுருட்டுச் சங்கதி!

தனியாகவே தோட்டக் கந்தோருக்குப் போனேன். எங்கள் ஆட்கள் உள்ளே போக முடியாது. வெளியே நின்று ஜன்னல் வழியாகத்தான் துரையோடு பேச வேண்டும். மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா என் காலைப் பார்த்தார்.

"செருப்பக் கழட்டு."

கழற்றினேன். அதை நினைக்க இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். ஜன்னலுக்குள் பலகையையும் கண்ணாடியையும் நீட்டி, நான் கற்ற நல்ல இங்கிலீஷில் ஒவ்வொன்றாக விளக்கினேன். கனம், துளை வரிசை, மணம், பால். துரை பலகையை முகர்ந்தார். கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பதிலை மட்டும் தமிழில் சொன்னார், அதுவும் மாட்டை அதட்டும் தமிழில்.

"சீடர். எனக்குத் தெரியும். நீ சொல்ல வேணாம்."

இங்கிலீஷுக்கு இங்கிலீஷில் பதில் சொன்னால் நான் ஓர் ஆளாகிவிடுவேனே! நான் விடவில்லை. கணப்புக்கு மேலே வைத்ததால்தான் மரம் கசிந்தது, என் அக்கா எதையும் பூசவில்லை என்றேன். அவர் காது சிவந்தது. எழுதிக்கொண்டிருந்த கிளார்க் எழுதுவதை நிறுத்தினார்.

"இந்தப் பலகை லயத்துக்கு எப்படி வந்தது?" என்றார் துரை.

"குப்பைக் கூடையிலிருந்து."

"யார் குப்பை?"

கண்டாக்கு ஐயா முந்திக்கொண்டார். "தொர கேக்குறாருல்ல? பங்களா குப்ப பங்களாவுக்குச் சொந்தம். கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு என்னா?"

முடிந்தது. வார்னிஷ் என்ற சொல் அதன்பின் யார் வாயிலும் வரவில்லை. பெட்டியைக் கெடுத்தவர் யார் என்பது அந்த ஜன்னலுக்கு உள்ளேயே புதைந்துபோயிற்று. பங்களாச் சாமானைத் தொட்டதற்கு நாளைக் காலை ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் அக்கா எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டால் பங்களா வேலைக்கு வரலாம். கேட்காவிட்டால் கொழுந்து மலை. தான் சுட்டுக் கெடுத்த பெட்டிக்கு அடுத்தவள் மன்னிப்புக் கேட்க வேண்டும்! இதை இரக்கம் போலவே சொன்னார் துரை.

வீட்டில் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு வார்த்ததானே புள்ள. சொல்லிட்டுப் போயிரு. ஒன் மூச்சுக்கு மழை ஆகாது."

"சொல்லாதக்கா!" என்று நான் கத்தினேன். "நீ சொன்னா திருடுனதா ஆயிரும்."

"நீ பேசாத மாப்ள. மலையேறப் போறது நீயில்ல."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றாள் அக்கா. பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். முடிவை எங்களிடம் சொல்லவில்லை.

காலையில் தூறல். பெரட்டுக் களத்தில் எல்லாரும் கம்பளியும் கூடையுமாக நின்றார்கள். அக்காவும் கூடையோடுதான் வந்திருந்தாள். துரை ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

"ம், சொல்லு" என்றார் கண்டாக்கு ஐயா.

"தொர பெட்டிய நான் தொறக்கல" என்றாள் அக்கா. மூச்சு வாங்கியதால் துண்டு துண்டாக வந்தது. ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது. "அதுல ஒழுகுனது மரத்துப் பாலு. நெருப்புகிட்ட வச்சது நானில்ல. பலகைய எடுத்தேன். குப்பையிலேர்ந்து எடுத்தேன். இதுக்கு எதுக்கு மன்னிப்பு?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: "குப்ப பொறுக்குறது குத்தம்னா எங்க எல்லாரையும் புடிச்சிக்கிட்டுப் போங்க சாமி." சிரிப்பு ஒன்று எழுந்து கங்காணியின் அதட்டலில் அடங்கியது.

துரை கண்டாக்கு ஐயாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அங்கே நின்ற தொழிலாளிகளில் அது எனக்கு மட்டும்தான் புரிந்தது: இவளை ஏழாம் நம்பருக்கு அனுப்பு. ஏழாம் நம்பர் எங்கள் தோட்டத்திலேயே செங்குத்தான மலை. நான் ஜீப்பை நோக்கி நடந்தேன். என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வீட்டுக்குப் போ. புள்ள எந்திரிச்சிருக்கும்."

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மற்றப் பெண்களோடு ஏறினாள். நான் வீட்டுக்குப் போகவில்லை. பாதையிலேயே நின்று பார்த்தேன். முதல் வளைவைத் தாண்டினாள். இரண்டாவதில் இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றுவிட்டாள். முன்னால் போன பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களும் நின்றார்கள். கீழேயிருந்து கங்காணி கத்தினான். ஒருத்திகூட நகரவில்லை.