அக்கா கேட்ட மணி

ஜோகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில், விலையுயர்ந்த கைக்கடிகாரங்கள் விற்கும் கடையில் வேலை செய்கிறேன். சொந்தக்காரர்கள் கூடும் இடங்களில் என்னைக் கண்டால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அப்படி என்னதான் இருக்கு அதுல? என் போன்லயும் அதே மணிதான் காட்டுது." நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். கல்யாண வீட்டில் சாப்பாட்டுக் கையோடு விளக்குகிற விஷயமில்லை அது.

வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் மேலாளர் எனக்கு அதை விளக்கினார். அவர் மூவாரைச் சேர்ந்த சீனப் பெண்மணி. தலைமுடியை ஒரு இழைகூடப் பிசகாமல் பின்னுக்கு இழுத்துக் கட்டியிருப்பார். என்னோடு மலாயில்தான் பேசுவார். தங்கமும் வைரமும் ஒரு கடிகாரத்தை உயர்த்திவிடாது என்பது அவர் சொன்ன முதல் விஷயம். தங்கத்தை யாரும் வாங்கிப் பூசலாம். உள்ளே ஓடும் இயந்திரத்தை வெளியில் வாங்கிப் பொருத்தாமல், அந்த நிறுவனமே தன் பட்டறையில் செய்கிறதா என்று பார்க்க வேண்டும். தாத்தா வாங்கியதைப் பேரன் கொண்டுவந்து நீட்டினாலும், "எங்கள் பிள்ளைதான்" என்று வாங்கிப் பழுது பார்த்துத் தருகிறதா என்று பார்க்க வேண்டும். கேட்கிறவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் அவசரப்பட்டுச் செய்து குவிக்காமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, திறந்து வைத்திருந்த ஒரு கடிகாரத்தின் உட்பக்கத்தைக் காட்டினார். எறும்பின் கால் அளவுள்ள ஒரு உலோகத் துண்டின் ஓரத்தை யாரோ கையால் சாய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல மினுக்கியிருந்தார்கள். மூடியை மூடிவிட்டால் வாங்கியவருக்கே அது தெரியாது. "தெரியாத இடத்துல எதுக்கு இவ்வளவு?" என்று கேட்டேன். "அதுதான்" என்றார். மூடியைத் திரும்பப் பொருத்தினார்.

என் அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். தம்போயில் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். இருவருக்கும் கல்யாணம் அமையவில்லை. அமையாததைப் பற்றி நாங்கள் அதிகம் வருத்தப்பட்டதும் இல்லை. அக்கா இருபது வருடத்துக்கு மேல் பள்ளி வேன் ஓட்டினாள். எங்கள் தாமான் குடியிருப்பில் அவள் வேன் திரும்பும் சத்தத்தை வைத்துத்தான் பல வீடுகளில் பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டுவார்கள். ஹாரன் அடிக்கவே மாட்டாள். வாசலில் வந்து நிற்பாள், பிள்ளை வெளியே வரும். தாமதமாக வரும் பிள்ளையிடம், "உனக்காக எல்லாரும் காத்திருக்காங்க கண்ணு" என்று மட்டும் சொல்வாள். மறுநாள் அந்தப் பிள்ளைதான் முதலில் நிற்கும்.

இனிப்புநீர், சர்க்கரை நோய், எங்கள் குடும்பத்து வியாதி. அக்காவுக்கு அது கண்ணில் வந்து உட்கார்ந்தது. முதலில் சாலைக் கோடுகள் நெளிவதாகச் சொன்னாள். மருத்துவமனையில் லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். ஒரு கண் போனது. மற்றதில் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. யாரும் சொல்வதற்கு முன்னால் அவளே வேனை விற்றாள். வாங்கியவரை வீட்டுக்கு வரவழைத்து, எந்தப் பிள்ளைக்கு வண்டியில் வாந்தி வரும், எந்தப் பிள்ளையை முன்னால் உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தாள்.

பார்வை போன பிறகு அவளை அதிகம் வாட்டியது மணி தெரியாததுதான். சமைக்கப் பழகிக்கொண்டாள், துணி மடிக்கப் பழகிக்கொண்டாள். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை "மணி என்னாச்சு?" என்று கேட்பது? நான் அலுத்துக்கொண்டதே இல்லை. இருந்தாலும் ஒரு கட்டத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். சூராவ் தொழுகைக்கூடத்திலிருந்து வரும் பாங்கோசை, பக்கத்து வீட்டுக்காரர் சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளைக் கிளப்பும் சத்தம், தொலைக்காட்சியில் செய்திக்கு முன் வரும் இசை, இவற்றை வைத்து அவளே கணக்குப் போட்டுக்கொண்டாள். ஒருநாள் நான் விடுப்பில் வீட்டில் இருந்தேன். கனத்த மழை, மின்சாரமும் இல்லை. அக்கா கூடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "என்னக்கா?" என்றேன். "ஒண்ணுமில்ல. காலையா சாயங்காலமான்னு தெரியல. அதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

பேசும் கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பொத்தானை அழுத்தினால் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் மணி சொல்லும். அக்காவுக்குப் பிடித்துத்தான் இருந்தது, சாஆ என்ற ஊரில் ஒரு சாவு வீட்டுக்குப் போகும்வரை. அத்தை முறை உள்ள ஒருவர் தவறிவிட்டார். தேவாரம் பாடி முடித்து எல்லோரும் கண்ணை மூடி நின்ற நேரம், அக்கா கையைக் கட்டியபோது பொத்தான் அழுந்திவிட்டது. கடிகாரத்துக்குள் இருந்த அந்த அம்மா கணீரென்று மணி சொன்னாள். நின்றிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அக்கா பதறி அதை மூடப்போக, இன்னொரு தடவை சொன்னாள்.

காரில் ஏறி எண்ணெய்ப்பனைத் தோட்டங்களைத் தாண்டினோம். பிறகு, "நேரங்கெட்ட நேரத்துல நேரம் சொல்றா பாரு" என்று அக்கா ஆரம்பித்துச் சிரித்தாள். நானும் சிரித்து, கண்ணீர் வந்து, வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி அலமாரியில் வைத்தவள்தான், திரும்ப எடுக்கவில்லை. "எனக்குக் கண்ணு தெரியலன்னு அது ஊருக்கே சொல்லுது" என்றாள்.

முட்களைத் தொட்டுப் பார்க்கும் கடிகாரமும் முயன்றோம். இனிப்புநீர் அவள் விரல் நுனிகளையும் மரக்க வைத்திருந்தது. முள் எங்கே நிற்கிறது என்று அவற்றுக்குத் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் கடைக்கு அந்த மணியடிக்கும் கடிகாரம் வந்தது. விற்பனைக்கு அல்ல, சில நாள் காட்சிக்கு. அதோடு நிறுவனத்தின் சிங்கப்பூர் அலுவலகத்திலிருந்து நரைத்த தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரரும் வந்தார். கடிகாரத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு தள்ளுக்கட்டை. அதைத் தள்ளிவிட்டால் உள்ளே இரண்டு குட்டிச் சுத்தியல்கள் இரண்டு கம்பிகளைத் தட்டி மணி சொல்லும். எத்தனை மணியோ அத்தனை தாழ்ந்த ஒலி. கடந்த ஒவ்வொரு கால் மணிக்கும் உயர்ந்ததும் தாழ்ந்ததுமாக ஒரு ஜோடி. மிச்ச நிமிடங்களுக்கு உயர்ந்த ஒலி. ஒரே ஆள் மாதக்கணக்கில் உட்கார்ந்து, அந்தக் கம்பிகளை இம்மி இம்மியாக அரத்தால் தேய்த்துக் காதால் கேட்டுக் கேட்டுச் சரிசெய்வாராம்.

பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். விலை கேட்டார்கள், உலகத்தில் எத்தனை இருக்கிறது என்று கேட்டார்கள், கையில் கட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். சிலர் மணியையும் கேட்டார்கள். ஆனால் அது அடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருப்பவரிடம் பேசினார்கள். எண்ணிப் பார்த்தவர் யாரும் இல்லை. எண்ணத் தேவையும் இல்லை. எதிரிலேயே முட்கள் தெரிந்தன.

மேலாளரிடம் போய் நின்றேன். "என் அக்காவை ஒருநாள் கூட்டி வரலாமா? வாங்க இல்லை. கேட்க." அக்காவின் கண் விஷயம் அவருக்குத் தெரியும். "கடை திறக்கறதுக்கு முன்னாடி கூட்டிட்டு வா. ஆள் வந்துட்டா சத்தமா இருக்கும்" என்றார்.

மறுநாள் காலை அக்கா கல்யாணத்துக்குப் போவதுபோல் கிளம்பினாள். நீலப் புடவை, தலையில் பூ. "யாரு பார்க்கப் போறா?" என்று கேலி செய்தேன். "அவங்க பார்ப்பாங்கல்ல" என்றாள்.

கடையின் கதவு பாதிதான் திறந்திருந்தது. வெள்ளைக்காரர் எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். எப்படி எண்ணுவது என்று அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். அவர் கடிகாரத்தை எடுத்தபோது மேலாளர், "கொஞ்சம் இருங்க" என்று உள்ளே போய், எந்நேரமும் கடையில் ஓடும் மெல்லிய இசையை நிறுத்தினார். பிறகு குளிர்சாதனத்தையும் நிறுத்தினார். அந்தக் கடை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

வெள்ளைக்காரர் கையுறையைக் கழற்றிவிட்டு, அக்காவின் மணிக்கட்டில் கடிகாரத்தைக் கட்டினார். அவள் கட்டைவிரலைப் பிடித்துத் தள்ளுக்கட்டையின் மேல் வைத்தார். அக்கா தள்ளினாள்.

சத்தம் சின்னதாகத்தான் இருந்தது. தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் கோப்பையை நகத்தால் சுண்டுவது மாதிரி. அக்காவின் உதடுகள் அசைந்தன. தாழ்ந்த ஒலி ஒன்பது, ஜோடி மூன்று, உயர்ந்த ஒலி இரண்டு. முடிந்த பிறகும் கம்பியின் அதிர்வு கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. அது முழுதும் அடங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"பத்தாக இன்னும் பதிமூணு நிமிஷம் இருக்கு" என்றாள்.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. வெறுமனே தலையசைத்தார்.

"இதை யாரு வாங்குவாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"ரொம்ப வசதி உள்ளவங்க" என்றேன்.

"கண்ணு தெரிஞ்சவங்களா?"

"ஆமா."

"அவங்களுக்கு எதுக்கு?"

இதை மொழிபெயர்க்கலாமா என்று தயங்கினேன். பிறகு சொல்லிவிட்டேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். மின்விளக்கு வருவதற்கு முன்னால், ராத்திரி விழித்துக்கொண்டால் மெழுகுவர்த்தி ஏற்றாமல் மணி தெரியாது. இருட்டில் இருப்பவர்கள் மணி தெரிந்துகொள்ளத்தான் முதன்முதலில் இப்படிச் செய்தார்கள் என்று.

நான் சொல்லி முடித்ததும் அக்கா அந்தக் கடிகாரத்தை இன்னொரு கையால் பொத்திக்கொண்டாள். "அப்போ எனக்காகத்தான் செஞ்சிருக்காங்க" என்றாள்.

மேலாளர் திரும்பிக்கொண்டு ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தார். அக்கா இன்னொரு முறை கேட்கலாமா என்றாள். இந்தத் தடவை காதோடு வைத்துக் கேட்டாள். பிறகு அவளே கழற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

அன்று மதியம்தான் என் வேலை நேரம். அதுவரை மேல்தள உணவுக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா பாலும் சீனியும் இல்லாத தேநீரான தே ஓ கோசோங் குடித்தாள்.

"விலை என்னன்னு நான் கேக்கல பாத்தியா?"

"நானும் சொல்லல."

"சொல்லாத. கேட்டா அந்தச் சத்தம் போயிரும்." கொஞ்சம் குடித்துவிட்டுச் சொன்னாள்: "நல்லா செஞ்சிருக்கான். காதோட வச்சப்போ என்கிட்ட மட்டும் சொல்லிச்சு. வேற யாருக்கும் தெரியல."

அவள் ஏங்கவில்லை. நல்ல கச்சேரி கேட்டுவிட்டு வந்தவள் போல இருந்தாள். ஏக்கம் எனக்குத்தான். அந்தக் கடிகாரம் சிங்கப்பூருக்குத் திரும்பிய நாள், பெட்டியைக் கட்ட நான்தான் உதவினேன்.

சில வாரம் கழித்து மேலாளர் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். கறுப்பு ரப்பர் பட்டை போட்ட ஒரு ஸ்மார்ட் வாட்சைக் கையில் வைத்திருந்தார். எங்கள் கடையில் ஊழியர் யாரும் அதைக் கட்டிக்கொண்டு வரக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். "என்னோடதுதான். வீட்டுல சும்மா கிடந்துச்சு" என்றார். என் மணிக்கட்டில் கட்டி, முகப்பை இரண்டு விரலால் தொடச் சொன்னார். சத்தமே இல்லாமல் தோலுக்குள் அது துடித்தது. மணிக்கு நீண்ட துடிப்பு, கால் மணிக்குக் குட்டைத் துடிப்பு. அவர் ஒரு வாரம் தானே கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கண்ணை மூடிப் பழகிப் பார்த்திருக்கிறார். "பஸ்ஸில்கூட எண்ண முடியுது. உங்க அக்காவால முடியும்" என்றார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "தினமும் சார்ஜ் போடணும், அதை மட்டும் பார்த்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

அக்காவின் விரல்கள்தான் மரத்திருந்தன, மணிக்கட்டு மரக்கவில்லை. முதல் தடவை தொட்டுவிட்டு, அடங்கும்வரை காத்திருந்து, சரியாகச் சொன்னாள்.

அதை நான் ஆடம்பரக் கடிகாரம் என்று சொல்லமாட்டேன். என் தொழிலில் அப்படிச் சொல்ல முடியாது. சில வருடத்தில் அதன் பேட்டரி சாகும், செய்த நிறுவனமே புதியதை வாங்கச் சொல்லும். அந்த மணியடிக்கும் கடிகாரம் இன்னும் நூறு வருடம் கழித்தும் யார் கையிலாவது அடித்துக்கொண்டிருக்கும். உயர்ந்தது அதுதான், சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்கு யாரும் சொல்லாமலே குளிர்சாதனத்தை நிறுத்திய அந்தக் கையும், ஒரு வாரம் கண்ணை மூடிப் பழகிய அந்தப் பொறுமையும் எந்தப் பட்டறையில் செய்தவை என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது சாயங்காலங்களில் எங்கள் வீட்டில் ஐந்தாறு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் அம்மா அப்பா சிங்கப்பூர் வேலையிலிருந்து திரும்பும்வரை அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். அவர்களில் மூத்த இருவர் முன்பு அவள் வேனில் போனவர்களின் பிள்ளைகள். குளிக்க, சாப்பிட, வீட்டுப்பாடம் எழுத என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் உண்டு. அவள் எப்படிச் சரியாகச் சொல்கிறாள் என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அவளும் சொல்லிக்கொடுப்பதில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குத் துணி எடுக்க இருவரும் துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் போனோம். மூன்றாவது கடையில் நான் புடவைகளுக்குள் மூழ்கியிருந்தபோது, அக்கா என் முழங்கையைத் தொட்டாள். "போதும். இப்போ கிளம்பினாத்தான் ஜாம்ல மாட்டாம போலாம்" என்றாள். பிறகு தன் மடியில் கிடந்த ஒரு புடவையை எடுத்து, விரலால் தொடாமல், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது என்ன நிறம்?"

மஞ்சள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது மஞ்சள் மட்டும் இல்லை. கொஞ்சம் யோசித்தேன். "மாங்கா பழுக்க ஆரம்பிக்கிறப்போ, காம்புக்குப் பக்கத்துல ஒரு இடம் மட்டும் முதல்ல மாறும்ல, அந்த நிறம்" என்றேன்.

அக்கா ஒரு நிமிடம் அந்த மாங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடு" என்றாள்.