பின்னூட்டத்தில் வந்தவர்கள்

மகளுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தபோது அவளுக்கு இரண்டரை வயது. காஞ்சிபுரத்தில் காதுமெஷின் வாங்கி மாட்டினோம். உத்திரமேரூரில் கடைக்குப் போனால்கூட யாராவது, "கொயந்த காதுல இன்னா கீது?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிச் சலித்துப்போய்த்தான் எழுத ஆரம்பித்தேன்.

பஜாரில் ஒரு பாய் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவர் மகள்தான் எனக்கு வலைப்பூ தொடங்கித் தந்து, தமிழில் தட்டச்சு செய்யவும் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டுவேன். "அயுதுக்கினே டைப் பண்றியேம்மா, கீபோர்டு நனஞ்சிடப் போவுது" என்பார் பாய்.

முதல் சில பதிவுகளை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பிறகு, மகள் மெஷினைக் கழற்றி ஏரிக் கால்வாயில் எறிந்ததையும், நானும் கணவரும் சேற்றில் இறங்கித் தேடியும் கிடைக்காததையும் எழுதினேன். மறுநாள் ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. ஷார்ஜாவில் வேலைபார்க்கும் ஒரு தகப்பன். 'ஊரில் என் பையன் கிணற்றில் போட்டான். புது மெஷினை நூலில் கட்டி, சட்டையோடு ஊக்கு குத்திவிடுங்கள்.' அதன் கீழே வேலூரிலிருந்து ஒரு அம்மா. 'ஊக்கு பிள்ளையைக் குத்தும். பட்டன் தைத்துவிடுங்கள்.' இருவரும் என் வலைப்பக்கத்திலேயே விடாமல் வாதாடினார்கள். படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன்.

அந்த வாதத்தைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். எல்லோர் வீட்டிலும் காது கேளாத பிள்ளை. வேலூர் அம்மா தானும் ஒரு வலைப்பூ தொடங்கினார். ஒருவர் பதிவுக்கு இன்னொருவர் சுட்டி கொடுத்தோம். யாராவது கொஞ்சநாள் எழுதாவிட்டால், 'பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?' என்று விசாரிப்பு வந்துவிடும். பெயர் போடாத ஒருவர், 'பெற்ற பிள்ளையின் குறையைக் காட்டி விளம்பரம் தேடுகிறாய்' என்று எழுதினார். அதை அழிக்கப் போனேன். அதற்குள் அத்தனை பேரும் வந்து அவருக்குப் பதில் சொல்லியிருந்தார்கள்.

மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை தயங்கினார். "நாங்க எப்டிம்மா பாத்துக்கறது? வேற ஸ்கூல் பாருங்களேன்." அதையும் எழுதினேன். அடுத்த வாரமே வேலூர் அம்மா தன் மகளோடு பஸ் ஏறி வந்துவிட்டார். அதுவரை அவர் குரலைக்கூட நான் கேட்டதில்லை. அந்தச் சிறுமியின் காதுமெஷினைப் பார்த்துத்தான் அவர்களை அடையாளம் கண்டேன். "நான் நெனச்சத விட குள்ளமா கீறியே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நேராகப் பள்ளிக்குப் போனோம். மேஜைமேல் கிடந்த செய்தித்தாளை எடுத்து அவர் தன் மகளிடம் கொடுத்தார். மூன்றாம் வகுப்புச் சிறுமி. உச்சரிப்பு மழுங்கலாக இருந்தாலும் ஒரு செய்தி முழுவதையும் நிறுத்தாமல் வாசித்தாள். தலைமையாசிரியை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி ஒக்கார வைங்க. மூஞ்சப் பாத்து பேசுங்க. அவ்ளோதாங்க" என்றார் வேலூர் அம்மா.

மகளைச் சேர்த்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் வேலூர் அம்மாவையும் அவர் மகளையும் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். "இரு, மொதல்ல போயி எழுது. எல்லாரும் காத்துக்கினு இருப்பாங்க" என்றார். பாய் கடைக்குப் போனோம். நான் தட்டத் தட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை திருத்தினார்.