அப்பா வரைந்த நாங்குநேரி

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அப்பாவுக்கு மருந்துக்கடை வேலை கிடையாது. மொட்டைமாடியில் உட்கார்ந்து ஊரை வரைவார். பென்சில் தொடமாட்டார், தொட்டு வரையும் பேனாவும் கறுப்பு மையும்தான். விழுந்த கோடு விழுந்ததுதான். கோயில் கோபுரம், குளக்கரைப் பனைகள், செல்போன் டவர், நாற்கரச் சாலையில் போகும் லாரி என்று மாதக்கணக்கில் ஊர் அந்தத் தாளில் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிமேல் உட்காரும் காக்கையைக்கூட அவர் விடவில்லை.

விட்டது தெருமுனை மாடிவீட்டை மட்டும். அது பெரியப்பாவின் வீடு. அந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. ஒரே தெருவில் இருந்துகொண்டு பெரியப்பா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று கேட்டால் அம்மா, "ஒனக்கு எதுக்குட்டி அது?" என்பாள். வயல் பங்கில் அண்ணன் தம்பிக்குப் பேச்சு நின்றுபோனதெல்லாம் ரொம்பப் பின்னால் தெரிந்துகொண்டது.

அப்பா மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். அவர் சாப்பிட இறங்கிய நேரத்தில் பேனாவை எடுத்து அந்த வெள்ளை இடத்தில் வரைந்து உதவி செய்தேன். வீடு சற்றுச் சாய்ந்து வந்தது. மாடியில் பெரியப்பாவையும் நிறுத்தினேன். வீட்டில் பாதி உயரம் இருந்தார்.

துணி எடுக்க வந்த அம்மா பார்த்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தாள். "ஏட்டி, ஒங்க அப்பா கண்ணு நோவ வரைஞ்சத இப்படிக் கெடுத்து வச்சிருக்கியே!"

என் அழுகை கேட்டு அப்பா ஏறி வந்தார். அடுத்த அடிக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"இது யாருட்டி?"

"பெரியப்பா. நீங்க கடையில இருக்கும்போது தெனமும் சாயந்தரம் மாடில வந்து நிப்பாவ."

அப்பா தாளைக் கையில் எடுத்தார். பிறகு, "எந்தப் பக்கம் பாத்து நிப்பாவ?" என்றார்.

"நம்ம வீட்டப் பாத்துதான்."

நல்லாப் பாத்தியா, நல்லாப் பாத்தியா என்று கேட்டார். படம் சரியாக வரவேண்டுமே என்ற கவலையாக்கும் என்று நானும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவர் பேனாவை மையில் தொட்டு என் கோணல் சுவரை நிமிர்த்தினார். ஆளைத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் மாடிக்குப் போனவர் இறங்கவே இல்லை. காப்பிக்குக் கூப்பிட்டு ஓய்ந்துபோன அம்மா என்னை அனுப்பினாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அப்பா தெருமுனையைப் பார்த்து நின்றார். அங்கே பெரியப்பாவும் நின்றார். இரண்டு பேரும் கையசைக்கவில்லை, கூப்பிடவில்லை. அப்படியே நின்றார்கள்.

நான் அப்பாவின் வேட்டியை இழுத்து, "பேனாவ எடுத்தாரட்டாப்பா?" என்று கேட்டேன்.